இன்ஃபன்டைல் ஸ்பாஸம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

குழந்தை நரம்பியல் பிரிவுக்கு வரும் தாய்மாருக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே நிற்கிறேன். நோயின் பெயர் 'இன்ஃபன்டைல் ஸ்பாஸம்', கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வருவது. பிள்ளை தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழும், இரண்டு கையும் விரியும், ஓரிரு நொடியில் விட்டுவிடும். சற்று நேரத்தில் மறுபடி. இப்படியே வரிசையாக இருபது முப்பது தடவைகூட வரும். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தே வாரங்கள் போய்விடுகின்றன. 'குழந்தை வலிப்பு' என்று எழுதலாமா?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

> 'குழந்தை வலிப்பு' என்று எழுதலாமா?

வேண்டாம். வலிப்பு என்றதும் நம் ஊரில் நுரை தள்ளிக் கைகால் வெட்டி இழுப்பதைத்தான் நினைப்பார்கள், இல்லாவிட்டால் காய்ச்சல் வலிப்பை. என் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லையே என்று தாய் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

இதை முதலில் விவரித்து எழுதியவர் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் ஊர் மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். நோயாளி அவருடைய சொந்த மகன். ரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டுப் பார்த்தார், பல் ஈற்றைக் கீறிப் பார்த்தார், பலனில்லை. 1841இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். லண்டனில் சார்லஸ் கிளார்க் என்ற மருத்துவர் இதே நோயைப் பார்த்து 'சலாம் வலிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். குனிந்து சலாம் போடுவது போல இருக்குமல்லவா? அந்தப் படம் தாய்மார் கண்ணில் நிற்கும்.

குழந்தை மருத்துவர், மதுரை

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். சலாம் நம் சொல்லும் அன்று, நோயில் அவதிப்படும் பிள்ளைக்குப் பொருந்துவதும் அன்று. 'வணக்க வலிப்பு' என்றால் கைகூப்புவதாகத் தோன்றும். இங்கே கை விரிகிறது. தொல்காப்பியர் உரியியலில் 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறார். விதிர்ப்பு என்ற அருமையான சொல் இருக்கையில் ஏன் தேடுகிறோம்? மாணிக்கவாசகர் 'விதிர்விதிர்த்து' என்று பாடியதற்கு அடுத்த அடியிலேயே கை தலைமேல் ஏறுவதையும் கவனியுங்கள். 'கைக்குழந்தை விதிர்ப்பு' என்றே இடலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நூற்பாவே நடுக்கம் என்கிறதே. இது நடுக்கம் இல்லை, ஒரே ஒரு வெட்டு. 'சொடுக்கு' பொருந்தும், ஆனால் அதைக் கணினியில் 'கிளிக்' செய்வதற்கு எடுத்துக்கொண்டோம். 'துணுக்கு' இன்னும் பொருத்தம், துணுக்குறுதல் என்று இருக்கிறது. அதைப் பத்திரிகைகள் கொண்டுபோய்விட்டன. மிஞ்சுவது 'இசிவு'. இசித்தல் என்றால் இழுத்தல். வலித்தலும் இழுத்தல்தான், துடுப்பு வலிக்கிறோமே. ஆக இரண்டும் பொருளில் உடன்பிறப்புகள்...

நிரலாளர், சென்னை

அண்ணா, உடன்பிறப்பெல்லாம் இருக்கட்டும். நான் கிராமத்தில் செவிலியர் வேலை பார்க்கிறேன். இசிவு என்றால் படித்தவர்கள் ரணஜன்னி (டெட்டனஸ்) என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கான தடுப்பூசி ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் போடுகிறோம். இந்த நோய் தலைகாட்டுவதும் அதையொட்டிய மாதங்களில். ஊசியால் இசிவு வந்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த பிள்ளைக்கு ஊசியே போடமாட்டார்கள்.

போன மாதம் ஒரு பாட்டி பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "எந்திரிச்சதும் தூக்கித் தூக்கிப் போடுது தாயி" என்றார். கை விரித்துத் தலை கவிழ்த்தும் காட்டினார். நாங்கள் செல்போனில் படம் எடுத்து அனுப்பினோம், மறுநாளே ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்தார்கள். அந்தப் பாட்டியின் சொல்லைப் போடுங்கள்.

செவிலியர், திண்டுக்கல் பக்கம்

'தூக்கிப்போடுதல்' நோயின் பெயராக முடியுமா? பயந்தால் தூக்கிப்போடும், விக்கினால் தூக்கிப்போடும். கலைச்சொல்லுக்கு ஒரு வரையறை வேண்டாமா, அம்மா?

தமிழாசிரியர், தஞ்சாவூர்

நேரமாகிவிட்டது. ஐந்து பேர் செவிலியர் அம்மா பக்கம், இருவர் இசிவு, ஒருவர் விதிர்ப்பு. முகப்பில் 'பிள்ளை தூங்கி எழுந்ததும் தூக்கித் தூக்கிப் போடுகிறதா?' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். கீழே 'கைக்குழந்தை இசிவு வலிப்பு', ரணஜன்னி அல்ல, தடுப்பூசியால் வருவதல்ல என்று ஒரு வரி. உடனே படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள் என்பதைத் தடித்த எழுத்தில். சரிதானே, மருத்துவரே?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி

சரி. மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மதுரை

முகப்பு நன்று. 'இசிவு வலிப்பு' என்பது இழுப்பு இழுப்பு என்று ஒரே பொருளை இருமுறை சொல்வது. அடுத்த பதிப்பிலாவது விதிர்ப்பைக் கருதுங்கள்.

தஞ்சாவூர்