கூர்நோக்கு இல்லத்தில் தூங்கிய பையன்

ஆற்றுமணல்:
சிறார் குற்றம் பற்றிய சட்டம், பிரிவு எல்லாம் இங்கே பலருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு வாரம் ஒருமுறை ஆற்றுப்படுத்துநராக, அதாவது மனநல ஆலோசகராக, போய்க்கொண்டிருந்த காலம். 16 வயதுப் பையன், கத்திக்குத்து வழக்கு. குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான். "செஞ்சுட்டு நிம்மதியாத் தூங்குறான் சார், வருத்தமே இல்ல" என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். மூன்றாவது வாரம் அவனிடமே கேட்டேன். "இங்க வந்தப்புறம்தான் சார் தூக்கம் வருது" என்றான். அதற்கு முன்? "அப்பா செத்ததுலேருந்து இல்ல." குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறவர். செத்துத் தொலையட்டும் என்று இவன் சாமியிடம் வேண்டிக்கொண்ட வாரமே லாரியில் அடிபட்டுப் போயிருக்கிறார். சொல்லும்போது சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அது கையோடு வந்துவிட்டது. என்னிடம் நீட்டினான்.

குற்றவுணர்வு முன்னால் வருகிறது, குற்றம் அதன் பின்னால் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1916இல் ஒரு கட்டுரையில் எழுதினார். காரணம் தெரியாத குற்றவுணர்வைக் கட்டிவைக்க ஒரு செயல் கிடைத்துவிட்டால் மனம் லேசாகிறதாம். படித்தபோது வெறும் சாமர்த்தியப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

வழக்குக்கட்டு:
அதே கட்டுரையில், குற்றவுணர்வே இல்லாமல் குற்றம் செய்கிறவர்களையும் ஃபிராய்ட் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிட்டீர்கள். சரி, வக்கீலாக என் கதை. 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றத்தில் வந்தால், 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முதலில் அவன் மனநிலையை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டில் என் கட்சிக்காரனிடம் கேட்டது: "கொலை தப்புன்னு தெரியுமா?" "தெரியும் மேடம்." விளைவை உணரும் திறன் உண்டு என்று எழுதியாகிவிட்டது. வெளியே வந்து வேனில் ஏறும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சார், அவன் இப்ப எந்திரிச்சுட்டானா?" செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பழைய வாத்தியார்:
என் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் மண்டையை ஜியாமெட்ரி பாக்ஸால் உடைத்தான். ஓடிப்போய்ப் பிடித்தேன். திமிறுவான் என்று பார்த்தால், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் தம்பிகளே, ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் லண்டனிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைகளில் யாராலும் சமாளிக்க முடியாதவர்களை விடுதிகளில் வைத்துப் பார்த்தவர் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மனநல மருத்துவர். இப்படிப்பட்ட பிள்ளை அட்டகாசம் செய்வது, இன்னும் நம்பிக்கை மிச்சமிருப்பதால்தான் என்றார். தொலைந்துபோனதை யாராவது திருப்பித் தருவார்களா என்று மோதிப் பார்க்கிறதாம். அதனால் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போங்கள். வர முடியாவிட்டால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள் (நான் சொல்கிறேன், அது வேறு). அவன் நாற்காலியை உதைத்தால் எழுந்து போய்விடாதீர்கள், பழிவாங்கவும் செய்யாதீர்கள். பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போய் அன்பை நிரூபிக்க வேண்டாம்.

அக்கரைப்பச்சை:
பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. "தொலைந்துபோனது" என்றால் கடைசியில் அது அம்மா தலையில்தான் விடிகிறது. வழக்கில் மாட்டியவன் என் அக்கா மகன். ஆலோசகர் அக்காவிடம் கேட்டார், சின்ன வயதில் அவனைப் பிரிந்து இருந்தீர்களா என்று. "ரெண்டு வருஷம் திருப்பூர்ல தங்கி வேலை பாத்தேன், எங்கம்மாகிட்ட விட்டுட்டு" என்றாள். அவர் எழுதி, அடியில் கோடு போட்டார். இரண்டு முறை. அந்தக் கோட்டை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1944இல் வெளியிட்ட ஆய்வில் வரும் 44 சிறார்களில் 14 பேர் யாரிடமும் ஒட்டாதவர்கள், அதில் 12 பேர் தாயை நீண்டகாலம் பிரிந்தவர்கள். ஆனால் அந்த 44 பேரும் திருட்டில் சிக்கியவர்கள். கத்தி எடுத்தவனுக்கு அதை அப்படியே ஒட்டலாமா? அத்தான் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதே பாட்டியிடம் வளர்ந்த மூத்தவன் பாலிடெக்னிக் படிக்கிறான்.

வழக்குக்கட்டு:
மணல், அந்தப் பொத்தான் என்ன ஆச்சு?

ஆற்றுமணல்:
ஊசிநூலோடு அடுத்த வாரம் போனேன். ஜாமீனில் போய்விட்டான்.