பிறந்த கன்று நிற்க முடியாமல் ஆடுகிறது, கால்சியம் போடலாமா?

பொள்ளாச்சித் தோட்டம்:
ஜெர்சி கலப்புப் பசு நேற்று விடியற்காலை கிடேரிக் கன்று போட்டது. நாள் நிறைந்த பேறுதான். புட்டியில் சீம்பால் கொடுத்தால் இழுத்துக் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை. ஆனால் தூக்கி நிறுத்தினால் நாலு காலையும் அகட்டிக்கொண்டு ஆடுகிறது. காம்பைத் தேடித் தலையை நீட்டினால் நடுக்கம் கூடிப் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. படுத்திருந்தால் நடுக்கமே இல்லை. பக்கத்தில் எல்லோரும் கால்சியம் ஊசி போடச் சொல்கிறார்கள்.

கால்நடை மருத்துவர்:
கால்சியம் வேண்டாம் தம்பி. படுத்தால் நின்றுவிடுகிறது, காம்பைத் தேடும்போது கூடுகிறது என்றீர்களே, அது சிறுமூளைக் கோளாறின் நடுக்கம். பிறவியிலேயே இருப்பதால் முதலில் பிவிடி வைரஸை, அதாவது மாடுகளுக்குக் கழிச்சல் தரும் ஒரு வைரஸைச் சந்தேகிக்கிறேன். ஏறக்குறைய 100 முதல் 170 நாள் சினையில் பசுவுக்கு இது தொற்றினால் கன்றின் சிறுமூளை வளராமல் சிறுத்துவிடும். போனது திரும்பாது. ஆனால் நாளாக ஆக முற்றவும் செய்யாது. பாதிப்பு லேசாக இருந்தால் சில கன்றுகள் நடக்கப் பழகிக்கொள்ளும். சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள், பாலைப் புட்டியிலேயே கொடுங்கள். நாலைந்து மாத சினையில் பசுவுக்குக் கழிச்சல் வந்ததா?

உடுமலை:
தம்பி, இது பிறவிக் கோளாறு என்பதால் சரி. நன்றாக இருந்த கன்று திடீரென்று குரல் மாறிக் கத்தி, எச்சில் ஒழுக விட்டால் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலத்தான் தெரியும். தயவுசெய்து யாரும் வாயில் கையை விடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். நாய் கடித்ததை நாம் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

பொள்ளாச்சித் தோட்டம்:
ஆமாம் டாக்டர், நாலு மாத சினையில் இரண்டு நாள் கழிச்சல், தீனி எடுக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்புதான் சந்தையில் ஒரு கிடேரி வாங்கிக் கட்டினோம். அது இன்னும் தேறவே இல்லை, முடி சிலிர்த்தே கிடக்கிறது.

கால்நடை மருத்துவர்:
அந்தக் கிடேரியை இன்றே தனியாகக் கட்டுங்கள். அதுதான் வைரஸைக் கொண்டுவந்திருக்கலாம். தாய் வயிற்றில் இருக்கும்போது சினையின் முதல் நாலு மாதத்துக்குள் தொற்றிப் பிறந்த மாடு, ஆயுள் முழுக்கச் சளியிலும் சாணத்திலும் வைரஸை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடினால் இருக்காது, வைரஸைத்தான் தேட வேண்டும். கிடேரி, கன்று இரண்டுக்கும் காது ஓரத் தோலைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம். உங்கள் ஊர் மருத்துவரிடம் பிவிடி என்று பெயர் சொல்லியே கேளுங்கள், ஆய்வகத்துக்கு அனுப்புவார். அப்புறம், முடிவு வரும்வரை அதைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாம். இன்னொருவர் வீட்டுச் சினை மாட்டுப் பக்கத்தில்தான் போய் நிற்கும்.