வெளிநாட்டு வாலண்டியர் பொண்ணுக்கு ஒரே ஒரு நாள் லீவு, சென்னையில எங்க அனுப்பலாம்?

வேளச்சேரி அக்கா:
எங்க தெருவுல சாயந்திர ட்யூஷன் சென்டர் நடத்துறோம், அதுக்கு ஜெர்மனியிலேருந்து ஒரு பொண்ணு வாலண்டியரா வந்திருக்கா, பத்தொன்பது வயசு, எங்க வீட்டு மாடியிலதான் தங்கியிருக்கா. வந்து ஆறு வாரம் ஆச்சு, சென்டர், வீடு, தெருமுனை அண்ணாச்சி கடை, இத தாண்டி எதையும் பாக்கல. சனி ஞாயிறு கிளாஸ் இருக்கறதால வெள்ளிக்கிழமைதான் லீவு. இந்த வெள்ளி தனியா ஊர் சுத்தப் போறாளாம், நான் கூட வரேன்னா "வேணாம் அக்கா, நானே"ன்னு தமிழ்லயே சொல்லிட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல. எக்மோர் மியூசியம், கோட்டை, பாரிஸ் கார்னர்னு யோசிச்சு வெச்சிருக்கேன், அப்படியே ஆண்டர்சன் தெருவுல பசங்களுக்கு சார்ட் பேப்பர் வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

ரயில் பைத்தியம்:
சிஸ்டர், எக்மோர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, கோட்டை மியூசியமும் அப்படித்தான், வெயில்ல போயி பூட்டின கேட்ட பாத்துட்டு வரப் போறா. வேளச்சேரிதானே, பறக்கும் ரயில் ஒண்ணே போதும். காலையில ஏழு மணிக்கெல்லாம் ஏறி திருமயிலைல இறங்கினா கபாலீஸ்வரர் கோயில் நடக்குற தூரம், வெள்ளிக்கிழமை காலையில மாட வீதி முழுக்க பூவும் பொம்பளைங்க கூட்டமுமா அவ்ளோ அழகா இருக்கும். கருவறை பக்கம் விட மாட்டாங்க, ஆனா பிரகாரம் சுத்தலாம், புன்னை மரத்தடியில அம்பாள் மயில் உருவத்துல இருக்கற சன்னதிய காட்டச் சொல்லுங்க. மதியம் நடை சாத்தினா சாயந்திரம்தான் திறப்பாங்க, அதனால அத முதல்ல முடிக்கணும். அப்புறம் திருவல்லிக்கேணி, கடைசியா பீச் ஸ்டேஷன், வெளிய வந்தா பர்மா பஜார் பக்கம் சாயந்திரம் அத்தோ கடை. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணி, வறுத்த வெங்காயம் எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு தருவாங்க, கூட வாழைத்தண்டு சூப். பர்மாவுலேருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு அது, அந்தக் கதையையும் அவகிட்ட சொல்லி அனுப்புங்க. இருட்டறதுக்குள்ள திரும்ப ஏறிடணும், ராத்திரி அந்த லைன்ல சில ஸ்டேஷன் வெறிச்சோடி கிடக்கும்.

அடையாறு குமார்:
கார் வெச்சு மகாபலிபுரம் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம், அதுதான் சேஃப்.

தனியா வந்தவன்:
குமார் சார், அவ கேட்டது ஊர் சுத்த, அதுவும் தனியா. நான் 2015 நிலநடுக்கத்துக்கு அப்புறம் காத்மாண்டு பக்கத்துல ஒரு ஸ்கூல் கட்டுற வேலைக்கு வாலண்டியரா போயிருந்தேன், அங்க வார லீவு சனிக்கிழமை. முதல் லீவன்னைக்கு கிளம்புறப்ப கோ-ஆர்டினேட்டர் "வர்ற வழியில சிமெண்ட் கடை பில்ல வாங்கிட்டு வந்துடுங்க"ன்னாரு, அவ்வளவுதான், பாதி நாள் அந்தக் கடைய தேடியே போச்சு. அடுத்த சனிக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம அசன்னு ஒரு பழைய சந்தைக்குப் போனேன், ஆறு தெரு வந்து கூடுற இடம், நடுவுல அன்னபூர்ணா கோயில், மசாலா மூட்டை, பித்தளைப் பாத்திரம், சைக்கிள் ரிக்‌ஷான்னு நம்ம சவுகார்பேட்டை மாதிரியே நெரிசல். வழி தெரியாம ஒரு கடை வாசல்ல நின்னேன், அந்தக் கடை பாட்டி லாப்ஸின்னு ஒரு காய்ல பண்ற புளிப்பு மிட்டாய கையில திணிச்சுட்டு காசே வாங்கல. நாலு மாசத்துல எனக்கே எனக்குன்னு இருந்தது அந்த மத்தியானம்தான். தயவுசெஞ்சு சார்ட் பேப்பர் வாங்கச் சொல்லாதீங்க அக்கா, லீவு நாள் லீவு நாளாவே இருக்கட்டும். உங்க வீட்டு அட்ரஸையும் போன் நம்பரையும் தமிழ்ல எழுதி பர்ஸ்ல வெச்சு விடுங்க, வழி தவறினாலும் யார்கிட்டயாவது காட்டினா நம்ம ஊர் ஜனங்க ரயிலேத்தி விட்டுடுவாங்க.

வேளச்சேரி அக்கா:
மியூசியம் லீவுன்னு தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி தம்பி. சார்ட் பேப்பர சனிக்கிழமை நானே போய் வாங்கிக்கறேன், அது எனக்குத் தோணாம போச்சேன்னு கஷ்டமா இருக்கு. அட்ரஸ் எழுதிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், அவ முட்டை சாப்பிட மாட்டா, அத்தோ கிடைக்குமா?

ரயில் பைத்தியம்:
கிடைக்கும் சிஸ்டர், "முட்டை வேணாம் அண்ணா"ன்னு சொல்லக் கத்துக் குடுத்துடுங்க.