பாப்பரசர் பிரான்சிஸின் விருதுவாக்கு: தமிழில் எப்படி எழுத?

பாளை பெயிண்டர்:
எங்கள் கோயில் காம்பவுண்டுச் சுவரில் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸின் படமும் சின்னமும் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நீலம் இரண்டு கோட் அடித்தாயிற்று. கீழே அவருடைய லத்தீன் விருதுவாக்கு, 'மிசெராந்தோ ஆத்க்வே எலிஜெந்தோ'. அதற்கும் கீழே தமிழ் வேண்டுமாம். ஒரு பையன் போனில் போட்டுப் பார்த்து 'இரக்கம் மற்றும் தேர்வு' என்றான். எழுதிப் பார்த்தால் வீட்டம்மா, "பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கா?" என்கிறாள். சரியான அர்த்தம் என்ன? சின்னத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் திராட்சைக் குலை எதற்கு?

வள்ளியூரான்:
'இரக்கமும் அழைப்பும்' என்று போடுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

பழைய குருமடத்தான்:
கேட்பார்கள் தம்பி. சிறு குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டு அங்கி போடாமலே வீட்டுக்கு வந்தவன் நான், நானே கேட்பேன்.

அண்ணாச்சி, இது முழு வாக்கியம் இல்லை. இரண்டு சொல்லும் நம் வினையெச்சம் மாதிரி: இரங்கி, தெரிந்தெடுத்து. முற்றுவினை பீடு என்ற ஆங்கிலேயத் துறவியின் மறையுரையில் இருக்கிறது. அவர் 735இல் இறந்தவர். சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை இயேசு இரங்கியும் தெரிந்தெடுத்தும் *பார்த்தார்*, அதனால்தான் 'என்னைப் பின்செல்' என்றார் என்கிறார் பீடு. ரோமைக்காரனுக்கு வரி வாங்கிக் கொடுத்தவரைச் சொந்த ஜனமே சீந்தாத காலம். நாமும்தான் நாங்குநேரி டோல்கேட்டில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையா பார்க்கிறோம்? கம்பு தூக்குகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

1953 செப்டம்பர் 21, மத்தேயு திருநாள். பதினாறு வயதில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில்தான் பிரான்சிஸுக்கு அழைப்பு வந்தது. அந்தத் திருநாளில் குருக்கள் சொல்லும் கட்டளைச் செபத்தில் வாசிப்பது பீடின் இந்த மறையுரையைத்தான். 1992இல் புவனோஸ் ஐரிஸ் துணை ஆயரானபோது இந்த வரியை எடுத்துக்கொண்டார், 2013இல் பாப்பரசரான பிறகும் மாற்றவில்லை. 'மிசெராந்தோ'வுக்கு இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் நேர்ச்சொல் இல்லாமல் 'மிசெரிகோர்தியாந்தோ' என்று அவரே ஒன்றை உண்டாக்கினார். நமக்கு 'இரங்கி' என்றால் முடிந்தது.

அது திராட்சை இல்லை. நார்து என்ற வாசனைப் பூ, சூசையப்பருக்கு அடையாளம். நட்சத்திரம் மாதாவுக்கு. வயலட் கலந்துவிடாதீர்கள், இரண்டும் பொன் நிறம்.

வள்ளியூரான்:
வெறும் 'இரங்கி' என்றால் பிச்சை போடுகிற மாதிரி இல்லையா? 'மனமிரங்கி' என்று எழுதலாமே.

பழைய குருமடத்தான்:
அது நல்லா இருக்கு. என் ஓட்டும் அதற்கே.

பாளை பெயிண்டர்:
வயலட் கலந்தே வைத்துவிட்டேன் சார், போகட்டும், குகை மாதிரிக் கட்டின கெபிக்கு ஆகும். 'மனமிரங்கி, தெரிந்தெடுத்து' என்று சாக்பீஸில் எழுதிவிட்டு இறங்கினேன். உபதேசியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்புறம்? மீதி எங்கே?" என்கிறார். மூன்று புள்ளி வைக்கவா?

பழைய குருமடத்தான்:
வேண்டாம், லத்தீனிலும் இல்லை. மத்தேயு கதையை அவரிடம் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.