ஓய்வுக்குப் பின் நீர்வண்ணம்: தாள் எழும்புகிறது, பாறை சேறாகிறது

மலைக்கோட்டைவாசி:
வங்கிப் பணியிலிருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற நான், மூன்று மாதங்களாக நீர்வண்ணம் பழகி வருகிறேன். மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலைக்கோட்டையை வரைய முயலும்போதெல்லாம், வானத்திற்கு நீர் பூசியவுடன் தாள் அலையலையாக எழும்பி, பள்ளங்களில் வண்ணம் தேங்கிக் கறையாகிறது. பாறையின் சாம்பல் நிறமோ சேறாகிவிடுகிறது. பேரனின் ஓவிய நோட்டையும் பன்னிரண்டு வில்லைகள் கொண்ட வண்ணப்பெட்டியையும் பயன்படுத்துகிறேன். குறை கையிலா, பொருளிலா?

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:
ஐயா, முதலில் தாளை மாற்றுங்கள். வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பள்ளி நோட்டின் மெல்லிய தாள் அவ்வளவு நீரைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள முழுப்பருத்தித் தாளின் விலையைக் கேட்டால் ஓய்வூதியக்காரருக்குத் தயக்கம் வரத்தான் செய்யும். ஆயினும் 56 × 76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டி இருபுறமும் வரைந்தால் பதினாறு பயிற்சிகள் கிடைக்கும். நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சாம்பலுக்குக் கறுப்பு வில்லையைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து பாருங்கள்: நீலம் மிகுந்தால் பாறையின் நிழற்பக்கம், பழுப்பு மிகுந்தால் வெயில் பட்ட பக்கம். நான்கைந்து வண்ணங்களை ஒன்றாகக் குழைத்தால் சேறுதான் மிஞ்சும்.

மதுரைத் தூரிகை:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர் வெயிலில் வானத்தின் ஒரு பாதியைப் பூசி முடிப்பதற்குள் மறுபாதி காய்ந்துவிடுகிறது. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மீண்டும் ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் போன்ற கறை விழும். எனவே விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள். காய்ந்தபின் வண்ணம் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அழுத்தமாகவே இருக்கட்டும். வாங்கிய நல்ல தாளை மழைக்காலத்தில் திறந்து வைக்காதீர்கள். ஈரப்பதத்தில் அதன் பசைப்பூச்சு கெட்டு, மையொற்றுத்தாளைப் போல வண்ணத்தை உறிஞ்சிவிடும். எனக்கு ஒரு கட்டு முழுவதும் அப்படிப் போயிற்று.

மலைக்கோட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. ஏற்கெனவே நெளிந்துபோன படங்களில் இரண்டை மட்டும் காப்பாற்ற வழியுண்டா?

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:
உண்டு, ஐயா. படம் நன்றாகக் காய்ந்தபின் பின்புறத்தை மட்டும் ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றி, இரு வெள்ளைத்தாள்களுக்கிடையே வைத்து, கனமான புத்தகங்களை ஓரிரவு மேலே அடுக்குங்கள்.