மறு: 'ஸ்டெல்த் ஃபுட்' – 'நழுவுணவு' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

உணவுவழி நோய்ப் பரவல் பற்றி நாம் தொகுத்துவரும் தமிழ்க் கலைச்சொற்பட்டியலில் மற்றவை பெரும்பாலும் முடிந்துவிட்டன. 'ஸ்டெல்த் ஃபுட்' (stealth food) என்பதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இழுக்கட்டும், அவசரமாக முடிக்கக்கூடிய சொல் இல்லை இது. வந்திருக்கும் 'மறைவுணவு', 'கரவுணவு', 'மறதியுணவு' என்ற மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். எனக்கு மூன்றிலும் தயக்கம் இருக்கிறது. ஏன் என்று சொல்லுமுன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஒருவர் ஒன்றைச் சாப்பிட்டிருப்பார். ஆனால் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் அது அவர் வாயில் வராது. அதைத் தனி உணவாக அவர் எண்ணியதே இல்லை. தட்டின் ஓரத்தில் அழகுக்கு வைத்த முளைப்பயறு, மேலே தூவிய கொத்தமல்லி, துவையலுக்குள் அரைபட்ட பச்சை மிளகாய் எல்லாம் இந்த வகை. கிருமி அதில் இருந்துவிட்டால் விசாரணை வேறெங்கோ போய் நிற்கும்.

இதற்கு 2011-இல் ஜெர்மனியில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஓ104:ஹெச்4 என்ற ஈ.கோலி (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) வகையால் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினார்கள். அந்தக் காய்களில் ஈ.கோலி இருந்தது உண்மைதான், ஆனால் நோயாளிகளிடம் கண்ட வகை அதுவல்ல. அது தெரிவதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது.

நோயாளிகள் சொன்னதைப் பாருங்கள். ஓர் ஆய்வில் 88 விழுக்காட்டினர் வெள்ளரிக்காய் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். முளைவிட்ட பயறு சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 25 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் வெள்ளரியைத்தான் சந்தேகிப்பார்கள். கிருமி உடலுக்குள் போய் நோய் தெரியவே அங்கே சராசரியாக எட்டு நாள் ஆனது. அதற்கு மேல் ஆய்வாளர் வந்து கேட்கும்வரை எத்தனை நாளோ. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாலட்டின் மேல் கிடந்த நாலு முளையை யார் நினைவு வைத்திருப்பார்?

முடிச்சை அவிழ்த்தது ஜெர்மனியின் தேசியப் பொதுநல ஆய்வு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தார் கேள்வியை மாற்றியதுதான். ஓர் உணவகத்துக்கு வந்த 10 குழுக்களை, மொத்தம் 152 பேரை, எடுத்துக்கொண்டார்கள். அதில் 31 பேர் நோயுற்றவர்கள். "முளைப்பயறு சாப்பிட்டீர்களா" என்று கேட்கவில்லை, "எந்தப் பதார்த்தம் வாங்கினீர்கள்" என்று மட்டும் கேட்டார்கள். அந்தப் பதார்த்தத்தில் என்னென்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சமையல்காரரிடம் கேட்டார்கள். நோயுற்ற ஒவ்வொருவர் தட்டிலும் முளை போயிருந்தது. முளை பரிமாறப்பட்டவர்களுக்கு ஆபத்து 14 மடங்கு என்று மதிப்பிட்டார்கள். அங்கிருந்து தடம்பிடித்துப் போனபோது ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஒரு முளைப்பயறுப் பண்ணை, அதற்குப் பின்னால் எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம். ஆம், நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயமேதான். அந்த விதைகளைச் சோதித்தபோது அவற்றில் கிருமி கிடைக்கவில்லை. ஆய்வகம் கைவிட்ட இடத்தில் சமையல் குறிப்பும் வியாபாரப் பதிவேடும் சாட்சி சொன்னதால்தான் வழக்கு நிலைத்தது.

அமெரிக்காவில் 2008-இலும் இதே கதைதான். சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவால் சுமார் 1,500 பேர் நோயுற்றபோது முதலில் தக்காளியை விலக்கச் சொன்னார்கள், கடைசியில் ஹாலப்பீனோ, செர்ரானோ மிளகாய்களில் போய் நின்றது. சால்சா என்ற மெக்சிகோ துவையலில் தக்காளி கண்ணுக்குத் தெரியும், மிளகாய் தெரியாது.

இப்போது சொற்கள்.

'மறைவுணவு': மறைத்து வைத்தது என்றாகிறது. முளை தட்டின் மேலேயே கிடந்தது, யாரும் மறைக்கவில்லை. தவிர, 'மறைவு' என்றதும் நமக்கு இரங்கல் சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. நோய்ச் செய்தியில் அது விபரீதம்.

'கரவுணவு': ஓசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கரவு வஞ்சகத்தையும் சேர்த்துச் சொல்லும். கலப்படம் என்று எடுத்துக்கொண்டு ஒரு கடைக்காரரைப் பிடித்து உலுக்க இந்தச் சொல்லே போதும்.

'மறதியுணவு': இதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். தின்றால் மறதி வரும் என்று படிப்பார்கள் என்பது சின்னக் குறை. பெரிய குறை, பழியை நோயாளி மேல் போடுவது. வயிற்றுப்போக்கில் துவண்டு படுத்திருப்பவரிடம் போய், அவர் மறந்ததால்தான் விசாரணை கெட்டது என்ற தொனியில் ஒரு கலைச்சொல்லை நாம் செய்து கொடுக்கக் கூடாது.

என் பரிந்துரை 'நழுவுணவு'. நினைவிலிருந்து நழுவும் உணவு. நழுவுவது உணவு என்பதால் சாப்பிட்டவர் மேலும் குற்றமில்லை, சமைத்தவர் மேலும் குற்றமில்லை. வினைத்தொகையாக நிற்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும். 'நோய் பரப்பியது ஒரு நழுவுணவாக இருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதினால் இடறவில்லை.

கிருமியைச் சுமந்து வரும் பொருளைக் குறிக்கும் 'வெஹிக்கிள்' (vehicle) என்பதற்கு 'கடத்தி' போட்டு 'நழுவுகடத்தி' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கொசுவை நோய்க்கடத்தி என்று இங்கே சொல்லிப் பழகிவிட்டோம், இலங்கை வழக்கில் நோய்க்காவி. உணவையும் அதே சொல்லுக்குள் திணித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சொல் முடிவானால் உடனடிப் பயன் நோய் விசாரணைக்கான வினாப்பட்டியலில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவரைக் கேட்டால் "ரெண்டு இட்லி, ஒரு வடை" என்பார். சட்னி மூன்று வகை இருந்ததைச் சொல்ல மாட்டார். "பிரியாணி" என்பவர் கூட வந்த வெங்காயப் பச்சடியை விட்டுவிடுவார். சோறு கொதித்து இறங்கியது, பச்சடி அடுப்பையே பார்க்காதது. ஆகவே 'நழுவுணவுகள்' என்று தனிப் பகுதி வைத்து, அதைச் சமையல்காரரிடம் கேட்டு நிரப்ப வேண்டும் என்று விளக்கத்திலேயே எழுதிவிடலாம்.

வரையறைக்கு என் வரைவு: "உண்டவர் தனியாகக் கவனிக்காததாலோ வேறோர் உணவின் பகுதியாகக் கருதுவதாலோ விசாரணையில் சொல்லாமல் விடப்படும் உணவுப்பொருள்."

'விடப்படும்' கொஞ்சம் முரடாக இருக்கிறது. திருத்தம் இருந்தால் எழுதுங்கள். இலங்கை, மலேசிய அன்பர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்காட்டு தந்தால் பதிவில் சேர்க்கிறேன். தொட்டுக்கொள்ளும் சம்பல் வகைகளே ஒரு பட்டியல் வரும் என்று நினைக்கிறேன்.