மறு: ஸ்பார்க்ளிங் ஒயின்: நுரையா, குமிழியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது ஷாம்பெயின் போலக் குமிழி எழும் ஒயின், இதற்குத் தமிழில் போன வாரம் இதே இழையில் ‘நுரை ஒயின்’ என்று பரிந்துரைத்தவன் நான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பேச்சு தொடங்கிய இடம்:

> ஷாம்பெயினுக்கு மாற்றாக என்னென்ன குடிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘ஷாம்பெயின் போன்ற ஒயின்கள்’ என்றே ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே சொல்லாக ஏதாவது உண்டா?

இந்தப் ‘போன்ற’தான் எனக்கு உறுத்துகிறது. ஷாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே விளைந்த திராட்சையில், அந்த வட்டார விதிப்படி செய்த ஒயினுக்கே அந்தப் பெயர் உரியது. 1994 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு ஊர்க்காரர்கள் ‘ஷாம்பெயின் முறையில் செய்தது’ என்று லேபிளில் போடக்கூட முடியாது. ‘மரபு முறை’ என்றுதான் போட வேண்டும். சரி, பெயர் அவர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும். ஆனால் பொதுப்பெயர் ஒன்று நம்மிடம் இல்லாதவரை ஸ்பெயினின் காவாவும், பிரான்சிலேயே லுவார் பள்ளத்தாக்கின் கிரெமானும், இத்தாலியில் லோம்பார்டியின் ஃபிரான்சியகோர்த்தாவும் நம் எழுத்தில் எப்போதும் ‘போன்ற’ வரிசையில்தான் நிற்கும். நாம் ஆக்கும் சொல்லுக்குள் ஷாம்பெயினும் ஒரு வகையாக அடங்க வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பெயரை விட்டுக்கொடுத்தவர்கள் கெட்டுப்போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1872இல் ஜோசப் ரவெந்தோஸ் ஷாம்பெயின் முறையில் ஒயின் செய்தார். நெடுங்காலம் அங்கே அதை ‘சாம்பான்’ என்றே அழைத்துவந்தார்கள். அந்தப் பெயருக்கு எதிர்ப்பு வந்தபோது ‘காவா’ என்று மாற்றிக்கொண்டார்கள். நிலவறை என்று பொருள். ஒயின் உறங்கும் இடத்தின் பெயர் ஒயினுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் இதே முறையில் செய்து 1971இல் வந்த முதல் புட்டிக்கு ‘காப்ஸ ஃபொங்கல்’ என்று ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பெயரிட்டார்கள். ‘கேப்பின் தீப்பொறி’ என்று சொல்லலாம். இவ்வகை ஒயினுக்கு ஜெர்மானியர் வழங்கும் ‘ஸெக்ட்’ என்ற பெயர் பற்றிச் சொல்லும் கதை இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் லூட்விக் டெவ்ரியன்ட் என்ற பெர்லின் நடிகர், மேடையில் தான் பேசும் வசனத்தில் வரும் ‘சாக்’ என்ற மதுவின் பெயரைச் சொல்லி மதுக்கடையில் கேட்டாராம். அவர் வழக்கமாகக் குடிப்பது ஷாம்பெயின் என்பது பணியாளுக்குத் தெரியும், அதையே கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெயரே ‘ஸெக்ட்’ என்று ஒட்டிக்கொண்டது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘மின்னும் ஒயின்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ஒளிக்கும் குமிழிக்கும் ஒரே வினை பொருந்துகிறது. தமிழில் பொருந்தாது. மின்னும் ஒயின் என்றால் கண்ணாடிக் கோப்பையில் விளக்கொளி பட்டுப் பளபளக்கும் எந்த ஒயினும் நினைவுக்கு வரும். ‘மினுங்கும்’ என்றாலும் இதே சிக்கல்தான். ஆங்கிலம் மட்டுமே இப்படி ஒளியைப் பிடித்தது என்றும் சொல்ல முடியாது, மேலே சொன்ன தீப்பொறி இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ஜெர்மன் நான்கும் நுரையைத்தான் பிடித்தன. ‘மூஸ்ஸோ’, ‘ஸ்புமான்தே’, ‘எஸ்புமோசோ’, ‘ஷௌம்வைன்’ எல்லாமே நுரைப்பது என்ற பொருள் தருபவை. ருஷ்யர்கள் ‘இக்ரிஸ்தயே’ என்கிறார்கள், விளையாடுவது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான், ஆனால் ‘விளையாட்டு ஒயின்’ என்று நாம் எழுதினால் யாருக்கும் விளங்காது.

இத்தனை மொழிகள் நுரையைப் பிடித்திருக்கின்றன என்பதால்தான் நானும் ‘நுரை ஒயின்’ என்றேன். அப்புறம் ஒரு மாலையில் காவா ஒன்றைத் திறந்து, எழுதுவதற்காகவே கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஊற்றியதும் நுரை விளிம்புவரை ஏறியது உண்மை. பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. பியர் போல அது மேலே படுத்துக்கிடக்கவில்லை. அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டியது தொடங்கியது. கோப்பையின் உட்சுவரில் ஏதோ ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரியாத புள்ளி. அங்கிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி நேர்கோட்டில் ஏறின. ஏற ஏறப் பருத்தன, ஒன்றுக்கொன்று இடைவெளியும் கூடிக்கொண்டே போனது. கால் மணி நேரம் கழித்தும் அந்தப் புள்ளி ஓயவில்லை.

அந்தப் புள்ளி என்ன என்பதை ரைம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். பெரும்பாலும் அது ஒரு நுண்ணிய செல்லுலோஸ் இழை. கோப்பையைத் துடைத்த துணியிலிருந்து ஒட்டியதாகவோ, காற்றில் மிதந்து வந்து விழுந்ததாகவோ இருக்கும். இழைக்குள் சிக்கிய காற்றுப் பையில் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து, பருத்து, அறுந்து மேலேறுகிறது. தூசு தும்பில்லாத வழவழப்பான கோப்பையில் குமிழி எழுவதே அரிது. ஆக இந்த ஒயினின் அடையாளம் நுரையில் இல்லை, குமிழியில் இருக்கிறது. இத்தாலியர்கள் இந்தக் குமிழி வரிசையை முத்து என்ற சொல்லிலிருந்து ‘பெர்லாஜ்’ என்கிறார்கள். நமக்குப் பூச்சரம் இருக்கிறதே! ‘குமிழிச்சரம்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

எனவே: குமிழி ஒயின்.

> ஒயின் என்பது எதற்கு? ‘தேறல்’ என்ற அருமையான சொல் இருக்கிறதே. குமிழித்தேறல் என்றால் புணர்ச்சியும் அழகாக அமைகிறது.

ஐயா சொல்வது சரிதான், காதுக்கு அதுவே இனிமை. புறநானூற்றின் 56ஆம் பாடலில் யவனர் கலத்தில் வந்த ‘தண்கமழ் தேறல்’ இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. ஆனால் சங்க நூல்களில் தேறல் திராட்சைக்கு மட்டும் உரியதாக இல்லை. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்மதுவும் தேறல்தான். ஒயின் என்ற சொல்லோ படிப்பவர்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. தேறலின் வேர் ‘தேறு’, அதாவது தெளி. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையில் இருப்பதும் அதே வேர். இந்த வேரை நான் வேறோர் இடத்துக்குக் கேட்கப் போகிறேன், அதனால் இங்கே செலவழிக்க மனமில்லை.

குமிழியின் அளவுக்கும் சொல் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 20 பாகை செல்சியஸில் புட்டிக்குள் அழுத்தம் குறைந்தது 3 பார் இருந்தால் அது முழுமையான குமிழி ஒயின். 1 முதல் 2.5 பார்வரை இருந்தால் இத்தாலியர் ‘ஃபிரிட்சாந்தே’ என்பார்கள். இதற்கு ‘அரைக்குமிழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இளஞ்சூடு, இளஞ்சிவப்பு போல ‘இளங்குமிழி ஒயின்’ என்றால் இன்னும் இயல்பாக இருக்கிறது. ஷாம்பெயினில் 5, 6 பார் இருக்கும், கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வெளியிலிருந்து வாயுவைச் செலுத்தியதை இவற்றோடு சேர்க்காமல் ‘வளியூட்டிய ஒயின்’ என்று தனியாக வைப்போம்.

அடுத்தது செய்முறை. கட்டுரை எழுதும் நண்பருக்கு அதிகம் உதவப் போவது இதுதான், ஏனென்றால் எதை எதற்கு மாற்றாகச் சொல்லலாம் என்பதைச் செய்முறையே தீர்மானிக்கிறது.

குமிழியில்லாத ஒயினைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மறுபடி நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் இறந்து அடியில் படிகிறது. அந்தப் படிவின்மேல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போதுதான் ரொட்டியின் பொரிந்த மேலோடு போன்ற மணம் ஒயினில் ஏறுகிறது. ஷாம்பெயினை விரும்புகிறவர்களில் பலர் உண்மையில் விரும்புவது இந்த மணத்தைத்தான். இன்னொரு வழியில் இரண்டாம் நொதிப்பு பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. ஃபெதரிகோ மார்த்தினோத்தி 1895இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு எழேன் ஷர்மா மேம்படுத்தினார். ஈஸ்ட்டோடு நெடுநாள் கிடக்காததால் பழத்தின் மணம் கெடாமல் நிற்கிறது. இத்தாலியின் புரோசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

முதலாவதை புட்டிமுறை என்றும் இரண்டாவதைத் தொட்டிமுறை என்றும் சொன்னால் எதுகையாகவும் இருக்கிறது, ஒருமுறை கேட்டால் மறக்காது. (போத்தல் என்று புழங்குகிறவர்கள் போத்தல்முறை என்றே எழுதலாம், எதுகைதான் போய்விடும்.) ‘மரபு முறை’ லேபிளில் இருக்கட்டும், விளக்கும்போது அது எதையும் சொல்வதில்லை. பிரான்சின் தெற்கே லிமூ என்ற ஊர்ப்பக்கம் 1531இலேயே குமிழி ஒயின் இருந்தது என்கிறார்கள். முதல் நொதிப்பு முடியும் முன்பே புட்டியில் அடைக்கும் பழைய வழியோடு இணைத்துப் பேசப்படும் ஊர் அது. அந்த வழியை ‘ஒருநொதிப்பு முறை’ எனலாம். இன்று பெட்-நாட் என்று கேட்பவர்கள் கேட்பது இதைத்தான்.

இந்தச் சொற்கள் கையில் இருந்தால் நண்பரின் கட்டுரை எளிதாகிவிடும். ரொட்டி மணம் தேடுபவருக்குப் புட்டிமுறை ஒயின்களைச் சொல்லுங்கள். கிரெமானும் காவாவும் குறைந்தது 9 மாதம் ஈஸ்ட்டோடு கிடக்க வேண்டும். காவாவில் ‘ரெசர்வா’ என்றால் 18, ‘கிரான் ரெசர்வா’ என்றால் 30 மாதம். ஃபிரான்சியகோர்த்தாவின் கீழ்வரம்பே 18 மாதம். ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் புட்டியில் இருக்க வேண்டிய மொத்தக் காலம் 15 மாதம்தான். இங்கிலாந்தின் தெற்கிலும் ஷாம்பெயினைப் போன்றே சுண்ணாம்பு நிலம் உண்டு, ஷாம்பெயினுக்கு முதன்மையான அதே மூன்று திராட்சை வகைகளை அங்கேயும் வளர்க்கிறார்கள். பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ மணம் வேண்டுமென்றால் புரோசெக்கோ. அதை ஷாம்பெயினின் மலிவுப் பதிப்பு என்று எழுதுவதை நான் ஒப்பமாட்டேன். அது வேறு திராட்சை, வேறு முறை, வேறு நோக்கம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால் இரண்டுக்குமே அநியாயம்.

புரோசெக்கோவின் பெயரிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. அது முதலில் திராட்சையின் பெயராகவும் இருந்தது. திராட்சையை எந்த நாட்டிலும் நடலாம், அப்போது பெயரும் கூடவே போய்விடும். 2009இல் திராட்சைக்கு ‘கிளேரா’ என்ற பெயரை நிலைநிறுத்தி, புரோசெக்கோவை வட்டாரத்துக்கே உரியதாக்கினார்கள். த்ரியெஸ்தேக்கு அருகே அந்தப் பெயரில் ஒரு சிற்றூரும் இருக்கிறது. ஆகவே புரோசெக்கோ, காவா, ஷாம்பெயின் எதையும் தமிழாக்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இனிப்பளவைக் குறிக்கும் ‘டிரை’ என்ற லேபிள் சொல்லுக்கு ‘உலர் ஒயின்’ வேண்டாம். நம் சொற்பட்டியலின் முதல் வரைவில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘மிகை உலர்’ என்று இருக்கிறது. இதைப் படிப்பவர் இனிப்பே இல்லாதது என்று நினைத்து வாங்குவார். ஆனால் எக்ஸ்ட்ரா டிரையில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை, ‘புரூட்’ என்று போட்டிருந்தால் 12க்கும் கீழே. டிரை என்று மட்டும் போட்டிருந்தால் 17 முதல் 32வரை! லேபிள் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் கிராம் கணக்கைப் போடுவோம். பொதுவாக விளக்கும்போது ‘இனிப்பற்ற’, ‘இனிப்புக் குறைந்த’ போதும்.

இப்போது அந்தத் ‘தேறு’. புட்டிமுறையில் ஈஸ்ட் படிவை வெளியேற்ற, புட்டியைத் தலைகீழாகச் சாய்த்து நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்புகிறார்கள். படிவு கழுத்துக்கு இறங்குகிறது. பிறகு கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே பனிக்கட்டித் துண்டோடு படிவைத் தள்ளிவிடுகிறது. கலங்கலாக இருந்தது தெளிந்துவிடுகிறது. படிவுக்கு ‘மண்டி’, திருப்பி இறக்குவதற்கு ‘மண்டி இறக்கல்’, வெளியேற்றித் தெளியவைப்பதற்குத் ‘தேற்றல்’. ‘வண்டல் நீக்கம்’ என்று ஒருவர் எழுதியதும் தவறில்லை, ஆனால் வண்டல் என்றதும் ஆற்று மண் கண்முன் வருகிறது. மண்டி எண்ணெய்க் கலயத்தின் அடியில் எல்லாரும் பார்த்தது.

தேற்றிய பிறகு குறைந்த அளவை ஈடுகட்ட, சர்க்கரை கலந்த ஒயினைக் கொஞ்சம் ஊற்றிச் சுவையைச் சரிசெய்கிறார்கள். பிரெஞ்சில் ‘தொசாஜ்’. மேலே சொன்ன கிராம் கணக்கு முடிவாவது இந்தக் கட்டத்தில்தான். கொதிநீரில் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதை ‘விளாவுதல்’ என்போமே, அதை இங்கே ‘விளாவல்’ என்று எடுத்துக்கொள்ளலாமா? சூட்டைச் சொல்லும் வினையைச் சுவைக்கு நீட்டுவது பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. விளாவுதலை வேறு பொருளில் புழங்குகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்.